சமூக மோதல் கோட்பாடுகளைக் கொண்டு இன்றைய தகராறு ஒன்றை அலசுவது எப்படி

"சமூகம் என்பதே மோதல்தான்" என்று தொடங்கும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த வரியிலேயே முடிந்துவிடுகின்றன. மார்க்ஸ், வெபர், டாரன்டார்ஃப், கோசர் என்று சமூகச் சிந்தனையாளர்களின் பெயர்களை அடுக்கி, ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம். கண்முன் நடக்கும் ஒரு தகராறு புரியாது. இந்தக் கோட்பாடுகள் எல்லாமே, தங்களுக்குள் எவ்வளவு சண்டையிட்டாலும், ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எல்லோருக்கும் போதாத ஒன்று இருக்கிறது. அதை யார் எந்த விதியின்படி எடுத்துக்கொள்கிறார்கள், அந்த விதியை எழுதியவர் யார்? இந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட தகராறின் மேல் வைத்துப் படிப்படியாக விடை தேடுவதுதான் இங்கே சொல்லப்படும் முறை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே தகராறைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். செயலி வழியாகக் கார் ஓட்டுபவர், அடுத்த பயணி கிடைக்கும்வரை சும்மா நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?

தகராறை ஒரே வாக்கியத்துக்குள் அடக்குங்கள்

"ஏற்றத்தாழ்வு", "நவீன முதலாளித்துவம்" போன்றவற்றை ஆய்வுப் பொருளாக எடுக்காதீர்கள். கைக்குள் அடங்கும் தகராறு ஒன்றில் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: எதற்காகச் சண்டை, யாருக்கும் யாருக்கும், எந்த விதியை வைத்து, அந்த விதி எங்கே முடிவாகிறது. இருபத்தைந்து சொற்களுக்குள் எழுதிப் பாருங்கள். "பயணிக்காகக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமா என்பதில் ஓட்டுநர்களுக்கும் செயலி நிறுவனங்களுக்கும் தகராறு, அது தொழிலாளர் சட்டத்தில் முடிவாகிறது." இது போதும். நான்கில் ஒன்றைக்கூட நிரப்ப முடியவில்லை என்றால், உங்கள் கையில் இருப்பது தகராறு அல்ல, ஆதங்கம். இன்னும் சுருக்குங்கள்.

இதில் பெரும்பாலும் தவறுவது முதல் விஷயம்தான். எதற்காகச் சண்டை என்று கேட்டால், இரு தரப்பும் உயர்ந்த சொற்களையே முன்வைப்பார்கள். நிறுவனம் "சுதந்திரம்" என்கிறது, ஓட்டுநர் "மரியாதை" என்கிறார். இரண்டையும் தள்ளிவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும். ஆனால் முதலில் அளக்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். இங்கே அது நிமிடங்கள். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியில் மிக நீளமான அத்தியாயங்களில் ஒன்று வேலைநாளின் நீளத்தைப் பற்றியது. இங்கிலாந்தில் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேரம் என்று வரம்பு வைத்த 1847ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வாதத்தில் முக்கிய இடம் பெறுகிறது. ஆலைச் சங்கு போய்க் கைப்பேசி வந்துவிட்டது. ஒரு மனிதனின் எந்த நிமிடம் கணக்கில் ஏறும் என்ற சண்டை அப்படியே இருக்கிறது. கோட்பாடு இன்றைக்கும் செல்லுமா என்று பொத்தாம்பொதுவாக வாதிடுவதைவிட, இப்படி ஒரு தொடர்ச்சியைக் காட்டுவது பயனுள்ளது.

தரப்புகளை இரண்டோடு நிறுத்தாதீர்கள்

முதல் வரைவில் இரண்டு தரப்பு இருக்கட்டும். அடுத்த வரைவில் அவற்றை உடையுங்கள். ஐந்திலிருந்து எட்டுத் தரப்புவரை வைத்துக்கொண்டால் கையாள முடியும். அதைத் தாண்டினால் ஒத்தவற்றைச் சேர்த்துவிடுங்கள். உடைப்பதற்கு வெபரின் மூன்று அளவுகோல்கள் உதவும்: சந்தையில் ஒருவர் நிற்கும் இடமான வர்க்கம், பிறர் தரும் மதிப்பான அந்தஸ்து, அதிகாரத்தைப் பிடிக்க அமைப்பாகச் சேரும் கட்சி. இவை மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் வெபரின் வாதம்.

ஓட்டுநர்கள் என்ற ஒற்றைத் தரப்பை இப்படி உடைத்தால் என்ன ஆகிறது? சொந்தக் கார் வைத்திருப்பவருக்கும் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கும் நட்டம் ஒன்றல்ல. முழுநேரம் ஓட்டுபவரைக் காத்திருப்பு நேரம் நேரடியாகத் தாக்குகிறது. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுபவரோ, பயணி வராவிட்டால் செயலியை அணைத்துவிட்டுப் போய்விடலாம். ஊதிய விதி மாறினால் நினைத்தபோது நுழையும் வசதி போய்விடுமோ என்ற கவலைதான் அவருக்குப் பெரிது. ஒரே வேலையைச் செய்பவர்கள் எதிரெதிராக வாக்களிப்பதற்கு அறியாமைதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்களுடைய கணக்குகள் வேறு.

பயணியையும் தரப்பாகச் சேருங்கள், பலரும் விட்டுவிடும் இடம் இது. அழைத்த சில நிமிடங்களில் கார் வாசலில் நிற்க வேண்டுமென்றால், அருகிலேயே காலியாக ஒரு கார் நின்றிருக்க வேண்டும். பயணிக்குக் கிடைக்கும் வேகம் என்பது ஓட்டுநரின் காத்திருப்பு நேரமேதான். அந்த நேரத்துக்கு யாரும் பணம் தராதபோது, அதன் செலவு ஓட்டுநர் தலையில் விழுகிறது. நிறுவனமோ சாலையில் கார்களைக் கூட்டிக்கொண்டே போகலாம், அதற்கென்று தனிச் செலவில்லை. இதைக் கண்டுபிடிக்க யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. விதியே அந்த வேலையைச் செய்கிறது.

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வரி, நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை போடுங்கள்: இப்போதைய விதியால் கிடைப்பது, இழப்பது, கையில் இருக்கும் பலம், விலகிப் போக வழி உண்டா. கடைசிக் கட்டம்தான் அதிகம் பேசும். விலக வழியுள்ளவரின் மிரட்டலுக்கு மதிப்பு உண்டு. கார்க் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த வழி குறுகியது.

உடைக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. வர்க்கம், இனம், பாலினம் என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டினால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதை ஒரு வழக்கை வைத்துக் காட்டினார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் வழக்குத் தொடுத்தனர். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பின்னர் மந்தம் வந்தபோது பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு நடந்தது; 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். நீதிமன்றம் இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மறுத்தது. பெண்கள் வேலையில் இருந்தார்கள், அவர்கள் வெள்ளையர்; கறுப்பினத்தவரும் இருந்தார்கள், அவர்கள் ஆண்கள். பணிமூப்பு விதியில் எவர் பெயரும் இல்லை. ஆனாலும் பழைய விலக்கலை அது அப்படியே புதிய ஆட்குறைப்புக்குள் கொண்டுவந்து சேர்த்தது. யாரையும் குறிப்பிடாத விதியைக் கண்டால் இந்த வழக்கை நினைவில் வைத்துப் படியுங்கள்.

விதியின் வாசகத்தைப் படியுங்கள், அதைப் பற்றிய செய்தியை அல்ல

வேலையின் கடினமான பகுதி இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒப்பந்த நிபந்தனை, சட்ட வாசகம், தீர்ப்பு, ஊதியக் கணக்கீட்டு முறை ஆகிய நான்கு வகை ஆவணங்களிலும் குறைந்தது ஒன்றையாவது முழுதாகப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள். படிக்கும்போது இரண்டு வகைச் சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள்: எதையாவது வரையறுக்கும் சொல், விதியை மாற்றும் வழியைச் சொல்லும் சொல்.

கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில், மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு ஒன்று, 22ஆம் முன்மொழிவு, வாக்கெடுப்புக்கு வந்தது. செயலி ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்ததாரர்கள் என்று வைத்துக்கொண்டு, சில பலன்களை மட்டும் தருவது அதன் சாரம். ஆதரித்த நிறுவனங்கள் செலவிட்ட தொகை 20 கோடி டாலருக்கு மேல். 58 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளோடு நிறைவேறியது. செய்திகளில் பெரிதாக வந்தது "குறைந்தபட்ச ஊதியத்தில் 120 சதவீதம் உறுதி" என்ற பகுதி. வாசகத்தைப் படித்தால், அந்த 120 சதவீதம் பயணத்தை ஏற்ற நொடியிலிருந்து முடிக்கும்வரை உள்ள நேரத்துக்கு மட்டும் என்று தெரிகிறது. காத்திருப்பு நேரம் வரையறைக்கு வெளியே நிற்கிறது. மாற்றும் வழி? சட்டமன்றம் திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும். சண்டையில் வென்றவர் அடுத்த சண்டை நடக்கும் களத்தையும் சேர்த்து வென்றிருக்கிறார்.

பிரிட்டனில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று செயலி நிறுவனமான ஊபர் மீது அதன் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் வேறு பக்கம் போனது. தொடங்க வேண்டிய இடம் ஒப்பந்தத்தின் வாசகம் அல்ல, சட்டம் யாரைக் காப்பதற்காக வந்தது என்பதுதான் என்றது. கட்டணத்தை நிறுவனமே வைக்கிறது, நிபந்தனைகளை அதுவே எழுதுகிறது, பயணங்களை மறுத்தால் தண்டிக்கிறது என்று கட்டுப்பாட்டின் அடையாளங்களை எண்ணியது. உரிமம் பெற்ற பகுதிக்குள் செயலியைத் திறந்து, பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்ற கீழமைத் தீர்ப்பாயத்தின் முடிவு நிலைத்தது. அடுத்த மாதம் நிறுவனம் குறைந்தபட்ச ஊதியம் தருவதாக அறிவித்தது, ஆனால் பயணத்தை ஏற்றதிலிருந்து. தீர்ப்பின் வாசகத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைத் தனிக் கட்டமாகக் குறித்து வையுங்கள்.

இரண்டு இடங்களை ஒப்பிட்டால்தான் விதி என்பது மாற்றத்தக்கது என்று வாசகருக்கு உறைக்கும். ஒரே இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது இயற்கை போலத் தோன்றும்.

கூட்டம் எப்போது குழுவாகிறது என்று சோதியுங்கள்

ஒரே நட்டத்தைச் சுமப்பவர்கள் எல்லாம் தாமாகவே திரண்டுவிடுவார்கள் என்று நம்புவது, மோதல் கோட்பாட்டைப் பயன்படுத்துவோர் செய்யும் பழைய தவறு. ரால்ஃப் டாரன்டார்ஃப் 1959இல் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்தார். அவருக்கு மோதலின் வேர் சொத்தில் மட்டும் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. உத்தரவு போடுபவரும் கேட்பவரும் உள்ள எந்த அமைப்பிலும் இரண்டு எதிர் நலன்கள் மறைந்து கிடக்கும். அவை வெளிப்படையாக வர மூன்று வகை நிலைமைகள் வேண்டும். தலைமையும் கோரிக்கை வரைவும் ஓரளவு பணமும் வேண்டும். கூடிப் பேசச் சட்டம் இடம் தர வேண்டும். ஒருவரை ஒருவர் சந்திக்கும் வாய்ப்பு வேண்டும்.

செயலி ஓட்டுநர்களிடம் மூன்றாவதுதான் முதலில் உடைகிறது. ஒரே கூரை இல்லை, ஒரே பணிமுறை நேரம் இல்லை. அதனால்தான் விமான நிலைய வாகன நிறுத்தங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் இத்தகைய இயக்கங்களில் இவ்வளவு முக்கியமாகின்றன. இரண்டாவதும் எளிதல்ல: தனி ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து விலை பேசுவதைப் போட்டிச் சட்டம் பல நாடுகளில் தடுக்கிறது. அப்படியானால் "ஊழியரா, ஒப்பந்ததாரரா" என்ற வகைப்பாடு சம்பளத்தை மட்டுமல்ல, சங்கம் சேரும் உரிமையையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

இதோடு மேன்கர் ஓல்சன் 1965இல் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் மோதல் கோட்பாட்டாளர் அல்ல, பொருளியலாளர். லாபம் ஒரு சிலரிடம் குவிந்திருந்தால் அந்தச் சிலர் எளிதில் ஒன்றுசேர்வார்கள். நட்டம் லட்சம் பேர் மேல் சிறிது சிறிதாகப் பரவியிருந்தால், "மற்றவர் போராடட்டும், பலன் எனக்கும் வரும்" என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவார்கள். 22ஆம் முன்மொழிவுக்குப் பின்னால் நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்.

எழாத குரலை எப்படிப் பதிவு செய்வது

போராட்டம் இல்லை, அதனால் மோதலும் இல்லை என்று எழுதும் முன் இந்தப் படியைச் செய்தே ஆக வேண்டும். சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் அதிகாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்: வெளிப்படையான விவாதத்தில் வெல்வது, ஒரு விஷயம் விவாதத்துக்கே வராமல் பார்த்துக்கொள்வது, மக்களின் விருப்பத்தையே வடிவமைப்பது. மூன்றாவது கவர்ச்சியானது. அதைத் தொடுவதில் நிதானம் வேண்டும். "அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதும் இடத்தில் ஆய்வாளர் கடவுளாகிவிடுகிறார்.

நிரூபிக்கும் வழி ஒப்பீடுதான். அரசியல் அறிவியலாளர் மேத்யூ கிரென்சன் 1971இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் இரண்டை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் எஃகு ஆலைப் புகை. கிழக்கு சிகாகோ 1949இலேயே காற்று மாசுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. கேரி நகரம் 1962வரை எதுவும் செய்யவில்லை. கேரி, யு.எஸ். ஸ்டீல் என்ற ஒற்றை நிறுவனம் உருவாக்கிய நகரம். அந்த நிறுவனம் எதிர்த்துப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதன் செல்வாக்கு பற்றிய நினைப்பே பேச்சை அடக்கப் போதுமாக இருந்தது. ஒத்த பாதிப்பு, ஒத்த காலம், ஒரே ஒரு பெரிய வேறுபாடு என்று அமைந்த ஜோடி கிடைத்தால் மௌனத்தைப் பற்றி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பத்தியை வெட்டிவிடுவது நல்லது.

தீவிரமும் வன்முறையும் வேறு வேறு

டாரன்டார்ஃப் இவற்றைத் தனித்தனியாக அளந்தார். தீவிரம் என்பது ஒருவர் இந்தச் சண்டையில் எவ்வளவு பணயம் வைத்திருக்கிறார் என்பது. வன்முறை என்பது கையில் எடுக்கும் வழி. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடக்கும் சண்டை தீவிரத்தில் உச்சமாக இருக்கலாம், ஒரு கல்கூட விழாது. ஒரே மக்கள் எல்லாச் சண்டையிலும் ஒரே பக்கம் நின்றால் தீவிரம் ஏறும். சண்டைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் இறங்கும்.

லூயிஸ் கோசர் 1956இல் செய்த பிரிவும் கைகொடுக்கும்: இலக்கை அடைவதற்கான மோதல் ஒன்று, இறுக்கத்தைக் கொட்டுவதற்கான மோதல் இன்னொன்று. கார் தாமதமானதற்கு ஓட்டுநரிடம் கத்தும் பயணியும், குறைந்த கட்டணத்துக்காகப் பயணியை முறைக்கும் ஓட்டுநரும் இரண்டாவது வகை. கட்டணத்தை முடிவு செய்தவர் அந்தக் காரில் இல்லை. உங்கள் தகராறில் யார் யாரிடம் கோபத்தைக் காட்டுகிறார், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு அம்புக்குறிகள் போட்டுப் பாருங்கள். அவை ஒரே ஆளைக் காட்டாவிட்டால் அங்கே எழுதத் தகுந்த விஷயம் இருக்கிறது.

உங்கள் விளக்கத்தைத் தோற்கடிக்கப் பாருங்கள்

"இதனால் யாருக்கு லாபம்? அவர்தான் செய்தார்" என்பது மோதல் கோட்பாடு அல்ல, துப்பறியும் கதை. ஒரு விதியால் பயனடைபவர் அதை எழுதியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவரே எழுதினார் என்று சொல்ல ஆவணம் வேண்டும்: யார் வரைந்தார், யார் பணம் போட்டார், யார் வாக்களித்தார், எந்தத் தேதியில். பத்துப் பன்னிரண்டு தேதிகள் கொண்ட காலவரிசை ஒன்றைப் போட்டாலே பாதிச் சந்தேகங்கள் தீரும், மீதிப் பாதி தாமாக உதிரும்.

பிறகு எதிர் விளக்கத்தை அதன் வலுவான வடிவில் எழுதுங்கள். கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் வைத்த, ஏற்றத்தாழ்வு சமூகத்துக்குப் பயன்படுகிறது என்னும் செயல்பாட்டுவாத வாதம் இதற்கு ஏற்றது: முக்கியமான, பயிற்சி தேவைப்படும் பணிகளுக்கு ஆட்களை ஈர்க்கவே கூடுதல் வெகுமதி. சந்தை வாதமும் இருக்கிறது: ஓட்டத் தயாராக நிறையப் பேர் இருப்பதால் ஊதியம் குறைவு. இவற்றுக்கும் உங்கள் விளக்கத்துக்கும் கணிப்பு எங்கே வேறுபடுகிறது? சந்தை மட்டும்தான் காரணம் என்றால், பயணிகளின் எண்ணிக்கையும் ஓட்டுநர்களின் எண்ணிக்கையும் மாறாமல் ஊதியம் மாறக்கூடாது. விதி மாறிய மாதத்தில், அவை பெரிதாக மாறாமலே ஊதியம் மாறினால், பேரம் பேசும் பலத்துக்கும் பங்கு உண்டு. எந்த எண்ணைக் கண்டால் உங்கள் விளக்கத்தைக் கைவிடுவீர்கள் என்று தரவைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். அப்படி ஒரு எண்ணை யோசிக்கவே முடியவில்லை என்றால், எழுதியிருப்பது விளக்கம் அல்ல, நம்பிக்கை.

கோட்பாடு தடுமாறும் இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நலன்கள் எதிரெதிராக இருந்தும் மக்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் ஒத்துழைக்கிறார்கள் என்பதை இது அரைகுறையாகவே விளக்கும். பழக்கம், பற்று, நன்றி எல்லாம் இதன் வலையில் நன்றாக விழுவதில்லை. ஒரு தனி மனிதர் ஏன் இப்படி நடந்தார் என்பதற்கும் இது ஏற்ற கருவியல்ல.

முடிவுக்குப் பிறகு வரும் நகர்வைப் பாருங்கள்

தீர்ப்போ வாக்கெடுப்போ வந்ததும் ஆய்வை மூடிவிடுபவர்கள் அதன் சுவையான பகுதியை இழக்கிறார்கள். நியூயார்க் நகரம் 2019இல் செயலி ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விதியை நடைமுறைப்படுத்தியது. ஒரு மைலுக்கும் ஒரு நிமிடத்துக்கும் உள்ள தொகையை, காரில் பயணி இருக்கும் நேர விகிதத்தால் வகுப்பது அதன் கணக்கு. மணிக்கு முப்பது நிமிடம்தான் காரில் பயணி இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 0.5ஆல் வகுக்க வேண்டும், தொகை இரட்டிப்பாகும். காத்திருப்பு நேரத்தின் விலை இப்படிக் கணக்குக்குள் வந்துவிட்டது. காலியாக நிற்கும் கார்களுக்கு இப்போது செலவு உண்டு என்றதும், அதே ஆண்டிலேயே லிஃப்ட், ஊபர் ஆகிய செயலி நிறுவனங்கள் பயணிகள் குறைவான நேரங்களில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. 2024இலும் இந்தப் பூட்டு மீண்டும் வந்தது.

இந்த நகர்வோடு தகராறின் பொருளே இடம் பெயர்ந்துவிட்டது. முதலில் சண்டை நிமிடங்களுக்கு, இப்போது செயலிக்குள் நுழையும் உரிமைக்கு. முழுநேர ஓட்டுநருக்கும் பகுதிநேர ஓட்டுநருக்கும் இடையிலான விரிசல் வேறு இடத்தில் திறக்கிறது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் புதியவரைத் தடுக்க விரும்பலாம். எனவே ஆய்வின் தலைப்பில் தேதியைப் போட்டு, விதி மாறிய ஆறாவது மாதம் அட்டவணையைத் திரும்ப எடுங்கள். முதலில் திருத்த வேண்டியது, தொடக்கத்தில் எழுதிய அந்த இருபத்தைந்து சொல் வாக்கியம்.